பன்னிரண்டாவது திருட்டு

ஏட்டம்மாவின் ஊருக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் பெயர் 'அ'வில் தொடங்கும். அதுவும் ஏதோ போகிற போக்கில் வைத்த 'அ' இல்லை. அடுத்து வருகிற எழுத்தும் அகர வரிசையில் அடித்துப் பிடித்து முன்னால் நிற்கிற எழுத்து. ஆகவே மாநிலத்தில் யார் எந்தப் பட்டியல் போட்டாலும் முதல் வரி இந்த ஊருக்குத்தான். பள்ளித் தேர்வு முடிவு, தேர்தல் முடிவு, பேருந்து அட்டவணை, மழை அளவு என்று எதிலும் முதல் வரி. மழை அளவுப் பட்டியலில் பெயருக்கு நேரே சைபர் என்றுதான் போட்டிருக்கும். அதனால் என்ன, முதல் வரி முதல் வரிதானே என்று ஊர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்வார்கள்.

அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டம்மா பத்தொன்பது வருடமாக இருந்தார். ஸ்டேஷன் என்றால் இரண்டே அறை. எஸ்.ஐ. நாற்காலி நான்கு வருடமாகக் காலி. அதில் விரித்த துண்டை மட்டும் மாதம் ஒருமுறை துவைத்துப் போடுவார்கள். லாக்கப்பில் பெருக்குமாறும் ஓடாத ஃபேன் ஒன்றும் குடியிருந்தன. லாக்கப் கதவுக்குப் பூட்டு என்று ஒன்று இருந்து, துருப்பிடித்து உதிர்ந்து, அது போய் வருடம் ஏழாகிறது. அது இல்லையே என்று யாரும் வருந்தியதில்லை.

புகார் சொல்ல வருகிறவர்களிடம் ஏட்டம்மா கேட்கும் முதல் கேள்வி ஊருக்கே மனப்பாடம்.

"காணோமா, திருட்டா?"

"காணோம்தாங்க..."

"காணோம்னா வீட்டுக்குப் போய்த் தேடு. திருட்டுன்னா உக்காரு, எழுதறேன்."

பத்துக்கு ஒன்பது பேர் வீட்டுக்குப் போய்த் தேடுவார்கள். கிடைத்துவிடும். மீதி ஒருவருக்கு ஏட்டம்மா தேதி, நேரம், அடையாளம் எல்லாம் முத்து முத்தாக எழுதி வழக்குப் பதிவார். அந்த வருடம் டிசம்பர் வரை பதிவானது பதினொன்று. பதினொன்றையும் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

ஸ்டேஷனுக்கு நேர் எதிரே அவர் கணவரின் தையல் கடை. ஊருக்கு அவர் டெய்லர், அவ்வளவுதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏட்டம்மா காக்கிச் சட்டை தைக்கக் கொடுத்தார். ஒரு கை நீளமாக வந்தது. சண்டைக்குப் போனார். திருத்தியதும் மற்ற கை நீளமாகிவிட்டது. மறுபடி சண்டை. மூன்றாவது தடவை இரண்டு கையும் கச்சிதம், ஆனாலும் ஏட்டம்மா போய்ச் சண்டை போட்டார். அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்வதைத் தவிர இருவருக்கும் வேறு வழி இல்லை. டெய்லர் சிரிக்க ஆரம்பித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும், தையல் கோணும். ஏட்டம்மாவின் சட்டையில் எந்த இடத்தில் தையல் கோணியிருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு நகைச்சுவை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் டிசம்பர் முதல் வாரம் ஒரு வரைபடம் வந்து குதித்தது.

மாநிலக் குற்றப் பதிவு அலுவலகம் முதன்முறையாகத் திருட்டு வரைபடம் வெளியிட்டிருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷன் எல்லைக்கும் ஒரு நிறம். திருட்டு குறைவு என்றால் வெள்ளை, கொஞ்சம் என்றால் ரோஜா நிறம், அதிகம் என்றால் சிவப்பு. பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் பீட்ரூட் மாதிரி கறுத்துச் சிவந்து கிடந்தது. முடி வெட்டும் கடையில் பத்திரிகையை விரித்த கடைக்காரர், கத்தரியைக் காற்றிலேயே நிறுத்தினார்.

"நம்ம ஊருய்யா! திருட்டுல மாநிலத்துக்கே முதல் இடம். லட்சம் பேருக்கு ஐம்பதாயிரம் திருட்டாம்!"

"நம்ம ஊர்ல லட்சம் பேரே இல்லையே. மொத்தமே ஒன்பதாயிரத்துச் சொச்சம்தானே?" என்றார் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவர்.

"மிச்சப் பேரையும் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான் போல."

கணக்கு டீச்சர்தான் கடைசியில் விளக்கினார். பெரிய ஊரில் திருட்டு அதிகமாக இருக்கும், சின்ன ஊரில் குறைவாக இருக்கும், இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. அதனால் எல்லா ஊரிலும் லட்சம் பேர் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். "நம்ம ஊர்ல ஜனத்தொகை ஒன்பதாயிரத்து இருநூத்து இருபத்து நாலு. திருட்டு நாலாயிரத்து அறுநூத்துப் பன்னிரண்டு. அதாவது ரெண்டு பேருக்கு ஒரு திருட்டு."

டீச்சர் சொன்னது அதுதான். ஆனால் கடைத்தெருவின் கடைசிக்குப் போய்ச் சேருவதற்குள் அது "ரெண்டு பேர்ல ஒருத்தன் திருடன்" என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து பேருந்தில் ஏறிய எவரும் பக்கத்து இருக்கைக்காரரை ஓரக்கண்ணால் பார்க்காமல் உட்காரவில்லை. நான் இல்லை என்று எனக்குத் தெரியும், அப்படியானால் நீதானே?

டெய்லருக்குத் தோள் குலுங்கி ஒரு வாரத் தையல் முழுக்கக் கோணியது. "நம்ம வீட்ல ரெண்டு பேரு. திருட்டுப் போனது உன்னோடதா, என்னோடதா?"

"சிரிங்க, சிரிங்க. மானம் போறது ஸ்டேஷனுக்குத்தானே," என்றார் ஏட்டம்மா.

இரும்புக் கடையில் இரண்டே நாளில் பூட்டு தீர்ந்தது. டெய்லரின் தங்கை, அதாவது ஏட்டம்மாவின் நாத்தனார், கைக்கு அடங்காத பெரிய பூட்டாக ஒன்று வாங்கிக் கோழிக் கூண்டுக்குப் போட்டார். கூண்டின் பக்கவாட்டில் கம்பிவலை கிழிந்து, கோழிகள் அந்த வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தன. நாத்தனாருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. கதவு பூட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். "ஊரே திருட்டு ஊரா இருக்கு. ஒரு சாவி உங்கிட்ட இருக்கட்டும்ணா," என்று மாற்றுச் சாவியை அண்ணனிடம் கொடுத்து வைத்தார். பூட்டு வாங்கிப் பழக்கமில்லாத ஊரில் சாவி தொலையத் தொடங்கியது. ஸ்டேஷன் வாசலில் வரிசை. "சாவியைக் காணோம் ஏட்டம்மா." "காணோம்னா வீட்டுக்குப் போய்த் தேடு." "வீடு பூட்டியிருக்கே!"

சிரிப்பெல்லாம் வியாழக்கிழமை வரைதான். அன்று மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இவ்வளவு திருட்டு நடக்கும் வரை ஸ்டேஷன் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் பொறுப்பில் இருப்பவரை மாநிலத்தின் மறுகோடிக்கு மாற்றுவோம். மறுகோடி என்றால் விடிய ஏறினால் பொழுது சாய்ந்த பிறகும் பேருந்திலேயே இருக்க வேண்டிய தூரம். ஏட்டம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து தையல் கடைக்குள் போனார். டெய்லர் படித்தார். மிஷின் நின்றது. தோள் குலுங்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் அந்தத் தோள் குலுங்காத ஒரு நாளை ஏட்டம்மா பார்த்ததில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

கடிதத்தோடு நூற்று நாற்பது பக்கத்துக்குத் திருட்டுப் பட்டியலும் இணைத்திருந்தார்கள். ஏட்டம்மா ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தார். ஏழாவது வரியில் ஸ்கேல் நின்றது.

"என்னங்க, இங்க வாங்க. நம்ம ஊர்ல ஒரு படகு திருட்டுப் போயிருக்கு."

"படகா? அதை எதுல விட்டாங்க, நான் துணி நனைக்கிற தொட்டியிலயா?"

அடுத்தடுத்த பக்கங்களில் கடற்கரையில் விட்ட செருப்பு திருட்டு, லிஃப்ட் மோட்டார் திருட்டு, பதினோராவது மாடி பால்கனியில் காயப்போட்ட ஜீன்ஸ் திருட்டு. ஊரில் கடல் இல்லை, லிஃப்ட் இல்லை, இருப்பதிலேயே உயரமான கட்டடம் பள்ளிக்கூடத்தின் மாடி. அதுவும் ஒன்றே ஒன்று. பதினோராவது மாடியைப் படித்ததும் டெய்லரின் தோள் மறுபடி குலுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் ஏட்டம்மாவுக்கு உயிர் வந்தது. மறுநாள் காலைப் பேருந்திலேயே பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு தலைநகருக்குக் கிளம்பிவிட்டார்.

தலைநகரில் நல்ல மழை. குற்றப் பதிவு அலுவலகம் நான்காவது மாடியில். தரைத்தளத்தில் அந்தப் பகுதியின் போலீஸ் ஸ்டேஷன். வாசலில் ஈரக் குடைகளுக்காக ஒரு வாளி வைத்திருந்தார்கள். ஏட்டம்மா தன் குடையை அதில் வைத்துவிட்டு ஏறினார். அது கறுப்புக் குடை. கிழிந்த ஓரத்தில் டெய்லர் காக்கித் துணி வைத்துத் தைத்திருந்தார், ஆயிரம் குடையில் போட்டாலும் கண்டுபிடிக்கலாம்.

வரைபடப் பிரிவில் இருந்தவர் கண்ணில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. சுவர் அகலத்துக்குத் திரையில் மாநிலம் ஒளிர்ந்தது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

"சார், எங்க ஊர்ல தண்ணியே இல்ல. படகு எப்படி சார் வரும்?"

"அதை எங்கிட்டக் கேட்டா எப்படிம்மா? ஸ்டேஷன்ல பதிவாகறதை வாங்கிப் புள்ளி வைக்கிறது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"படகு பொய் சொல்லுதா அப்போ?"

"நீங்க எழுத்துல கொடுங்க. மூணு மாசத்துல பார்ப்பாங்க."

மூன்று மாதம்! ஏழு நாளில் ஒன்று ஏற்கெனவே போயாயிற்று. ஏட்டம்மா நொந்துபோய்க் கீழே இறங்கி வந்தார். வாளியைப் பார்த்தார். குடையைக் காணோம்.

பத்தொன்பது வருடம் ஊராரைக் கேட்ட கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டார். காணோமா, திருட்டா? வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார், பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார். திருட்டுதான்! போலீஸ் கட்டடத்து வாசலிலேயே, போலீஸ்காரி குடை! கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேரே தரைத்தள ஸ்டேஷனுக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுதுங்க. குடை திருட்டு."

அங்கிருந்த ரைட்டர் பாவம், சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர். பெயர், பொருள், நிறம், காக்கி ஒட்டு என்று விறுவிறுவென்று கம்ப்யூட்டரில் தட்டினார். நடுவில் ஒரு கட்டத்தை மட்டும் தாண்டிப் போனார்.

"ஏன், 'சம்பவ இடம்' விட்டுட்டீங்களே?"

"அதை யாரும்மா தொடுவா? இழுத்தா ஆயிரத்துச் சொச்சம் ஊரு வரும், தேடித் தேடிக் கண்ணு போயிடும். நாம எந்த ஸ்டேஷன்ல உக்காந்திருக்கோம்னு கம்ப்யூட்டருக்கே தெரியாதா என்ன?"

ஏட்டம்மா மேஜை மேல் எக்கிக் குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார். அது காலியாக இல்லை. யாரும் தொடாத அந்தக் கட்டத்தில், அகர வரிசைப்படி, பட்டியலின் முதல் பெயர் உட்கார்ந்திருந்தது. அவருடைய ஊர்ப் பெயர்.

"பதிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணியாச்சு."

நான்கு மாடியையும் ஏட்டம்மா எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. நாற்பத்தாறு வயது, முழங்கால் வலி வேறு. ஆனால் அன்றைக்குப் படிகள் தானாகவே கீழே போய்க்கொண்டிருந்தன. மூச்சு வாங்க, சிரிப்பும் வாங்க, திரை முன்னால் போய் நின்றார். "சார்! எங்க ஊரைத் தட்டுங்க சார்!"

அவர் தட்டினார். நாலாயிரத்து எழுநூற்று மூன்று.

"படம் போட்டப்போ அறுநூத்துப் பன்னிரண்டு. கடைசியா ஏறினது என்னன்னு பாருங்க."

"குடை. கறுப்பு. காக்கி ஒட்டு."

"அது என் குடை சார்! உங்க வாளியில, உங்க வாசல்ல, பத்து நிமிஷத்துக்கு முன்னால போச்சு. அதுக்குள்ள எங்க ஊருக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. எனக்கு எட்டு மணி நேரம் ஆகும் சார், அதுக்குப் பத்தே நிமிஷம்!"

அவர் கண்ணில் இருந்த கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியில் இருந்ததையும் கழற்றினார். பிறகு மூன்று ஊர் ஸ்டேஷன்களுக்குப் போன் போட்டுக் கேட்டார். "சம்பவ இடமா? அதை நாங்க தொடறதே இல்ல சார்," என்று மூன்று பேரும் பெருமையாகச் சொன்னார்கள்.

அப்புறம் நடந்தது எல்லாம் வேகம். அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்தார்கள். ஊரைத் தேர்ந்தெடுக்காமல் பதிவு ஆகாது என்று ஆக்கினார்கள். படகு கடலுக்குப் போனது. ஜீன்ஸ் பதினோராவது மாடிக்குத் திரும்பியது. நாலாயிரத்துச் சொச்சம் திருட்டுகளும் அதனதன் ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பின. புதிய வரைபடத்தில் ஏட்டம்மாவின் ஊர் பளிச்சென்று வெள்ளை. "உருப்படியா ஒண்ணுல முதல் இடம் வந்தோம். அதையும் இந்தம்மா கெடுத்துட்டாங்க," என்று முடி வெட்டும் கடைக்காரருக்கு மட்டும் மனத்தாங்கல்.

ஏட்டம்மா நிம்மதியாக மூச்சு விட்டது சரியாக நான்கு நாள். ஐந்தாம் நாள் அடுத்த கடிதம். தங்கள் ஸ்டேஷனில் இந்த வருடம் பதினொரு திருட்டு வழக்குகளே பதிவாகியுள்ளன என்று தெரிய வருகிறது. வருடத்துக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் அந்த ஸ்டேஷனை மூடிப் பக்கத்து ஸ்டேஷனோடு சேர்த்துவிடுவது விதி. பொறுப்பில் இருப்பவர் காலியிடம் உள்ள ஊருக்கு அனுப்பப்படுவார். காலியிடம் இருந்தது எங்கே என்று கேட்கிறீர்களா? அதே மறுகோடியில்!

திருட்டு அதிகம் என்றாலும் மாற்றல், குறைவு என்றாலும் மாற்றல். வருடம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

வரைபடப் பிரிவுக்காரர் போன் செய்தார். "ஏட்டம்மா, எல்லாத்தையும் அனுப்பிட்டேன். உங்க குடை கேஸை மட்டும் வேணும்னா உங்க ஊருக்கே திருப்பிடலாம். திருப்பினா பன்னிரண்டு ஆயிடும். என்ன செய்யட்டும்?"

ஏட்டம்மா ஜன்னல் வழியாகத் தையல் கடையைப் பார்த்தார். "குடை போனது உங்க வாசல்ல சார். அங்கயே வைங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகு கொஞ்சம் அழுதார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் வரிசை மறுபடி கட்டியது. முதல் ஆள் முடி வெட்டும் கடைக்காரர்.

"என் சீப்பு திருட்டுப் போச்சு ஏட்டம்மா. எழுதுங்க."

"காதுல சொருகி இருக்கறது என்ன?"

"இது வேற சீப்பு..."

"பொய்ப் புகார் கொடுத்தா உள்ள போட்டுடுவேன். பெருக்குமாறை நகர்த்தி வைக்கற வரைக்கும்தான் நேரம். ஓடு!"

ஒருவர் விடாமல் எல்லோரையும் விரட்டியடித்தார். விரட்டியவரின் மனம் மட்டும் அவர்கள் பின்னாலேயே போனது. ஒன்பது நாளில் எட்டு போயிற்று. எவனாவது ஒரு நல்ல திருடன் இந்தப் பக்கம் வரக் கூடாதா என்று ஒரு போலீஸ்காரி வேண்டிக்கொள்வது சரியா, தவறா என்று தெரியவில்லை. ஏட்டம்மா வேண்டிக்கொண்டார்.

டிசம்பர் முப்பத்தொன்று, காலை பதினொரு மணி. நாத்தனார் தலைவிரி கோலமாக ஓடி வந்தார்.

"அண்ணி! பூட்டைக் காணோம்!"

ஏட்டம்மா நிமிரவில்லை. "காணோமா, திருட்டா?"

"கோழிக் கூண்டுல பூட்டிட்டுத்தான் கடைக்குப் போனேன். வந்து பாக்கறேன், பூட்டு மட்டும் இல்ல! கோழி எல்லாம் இருக்கு, முட்டை இருக்கு, பூட்டைக் கழட்டிட்டுப் போயிருக்கான். எவ்ளோ திமிர் இருக்கணும்? திருட்டு அண்ணி, திருட்டு!"

"வீட்ல தேடினியா?"

"ரெண்டு தரம்!"

"உக்காரு," என்றார் ஏட்டம்மா. பெயர், பொருள், அடையாளம் எல்லாம் தட்டினார். 'சம்பவ இடம்' காலியாக இருந்தது. பட்டியலை இழுத்து, முதல் வரியில் இருந்த பெயரைத் தன் விரலால் தானே அழுத்தினார். பதிவானது. பன்னிரண்டு! நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, ஏட்டம்மா எழுந்து அவரைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பூட்டைப் பறிகொடுத்தவளைப் பிடித்து அண்ணி எதற்குச் சுற்றுகிறார் என்று நாத்தனாருக்குப் புரியவே இல்லை.

அப்புறம் சம்பவ இடத்தைப் பார்க்கப் போனார்கள். பூட்டை உடைத்த தடயம் இல்லை, சாவி போட்டுத் திறந்திருந்தது. கோழிகள் வெளியே வந்துவிடக் கூடாது என்று திருடன் போகும்போது கூண்டுக் கதவைக் காக்கி நூலால் கட்டியிருந்தான். பக்கவாட்டில் கிழிந்திருந்த வலையையும் சேர்த்துத் தைத்திருந்தான். தையல் ஆரம்பத்தில் நேராகவும் போகப் போகக் கோணலாகவும் இருந்தது.

ஏட்டம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே தையல் கடைக்குப் போனார். பொத்தான் டப்பாவைத் திறந்தார். பொத்தான்களுக்கு நடுவே பூட்டு.

"திருடினீங்களா?"

"திருடினேன்," என்றார் டெய்லர். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, கண் மட்டும் கலங்கியிருந்தது. "பொய்ப் புகாரை நீ வாங்க மாட்ட. அதான் நிஜமாவே திருடிட்டேன். நீ அந்தக் கோடிக்குப் போயிட்டா சட்டை சரியில்லன்னு யார் வந்து எங்கிட்டச் சண்டை போடுவா?"

ஏட்டம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்த மனுஷனுக்கு எப்போதும் ஒரு கை நீளம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"எழுந்திருங்க. ஸ்டேஷனுக்கு நடங்க."

டெய்லர் சட்டென்று பயந்தார். "ஆள் பிடிபட்டா கேஸைக் கணக்குலேர்ந்து எடுத்துடுவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. பிடிபட்டாலும் திருட்டு திருட்டுதான். நடங்க!"

எதிரே இருக்கிற ஸ்டேஷனுக்குப் பத்தடிதான். ஆனால் ஏட்டம்மா அவரைக் கடைத்தெருவை முழுக்கச் சுற்றி அழைத்துக்கொண்டு போனார். கையில் பூட்டை ஏந்தி டெய்லர் முன்னால் நடக்க, ஏட்டம்மா பின்னால் நடக்க, இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் கடை கடையாக ஆட்கள் வெளியே வந்தார்கள். முடி வெட்டும் கடைக்காரர் கைதட்டினார். "அண்ணா, நீயா!" என்று கத்திக்கொண்டு நாத்தனார் பின்னால் ஓடி வந்தார்.

ஸ்டேஷனில் பெருக்குமாறையும் ஃபேனையும் வெளியே எடுத்து வைத்து, ஏழு வருடத்துக்குப் பிறகு லாக்கப்பில் ஒரு ஆளை உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்திய பிறகுதான் ஏட்டம்மாவுக்குப் பூட்டு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. டெய்லரிடம் வாங்கி வைத்திருந்த சாட்சிப் பொருளைப் பார்த்தார். அதையே மாட்டி, ஊருக்கே கேட்கும்படி 'டக்'கென்று அழுத்தினார். அதன் மாற்றுச் சாவி, உள்ளே உட்கார்ந்திருந்த டெய்லரின் சட்டைப் பையில் இருந்தது.